சூட்டுக்கு மசியாத உப்பும் மசிகிற வெடியுப்பும்

சுடுதண்ணியில் சீனி கெதியாகக் கரையும், பச்சைத்தண்ணியில் மெதுவாகக் கரையும். இது தெரியாமல் ஒருத்தரும் ஓ.எல். தாண்டி வந்திருக்க ஏலாது. காரணமும் ஓரளவு ஞாபகம் இருக்கும்: சூடு கூடினால் தண்ணியின் துணிக்கைகள் வேகமாக ஓடித் திரியும், சீனிக்கட்டியின் மேற்பரப்பில் அடிக்கடி மோதும், கரைந்த சீனியை அந்த இடத்தை விட்டு விரைவாக அள்ளிக்கொண்டு போகும், புதுத் தண்ணி அந்த இடத்துக்கு வரும். கரண்டியால் கலக்கினாலும் இந்தக் கடைசி வேலைதான் நடக்கிறது. இவ்வளவும் எழுதினால் முழுப் புள்ளி.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எவ்வளவு *கெதியாக* கரையும் என்பது ஒன்று, கடைசியில் எவ்வளவு *கரையும்* என்பது வேறொன்று. சூடு இரண்டையும் மாற்றும், ஆனால் ஒரே மாதிரி மாற்றாது. சாப்பாட்டு உப்பை எடுங்கோ. 100 கிராம் தண்ணி, பனிக்கட்டி உருகும் குளிரில் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதே தண்ணி கொதிக்கும்போது சுமார் 39 கிராம். கெதியாகக் கரையும், சரி. ஆனால் கூடுதலாகக் கரைவது வெறும் 3 கிராம். இனிப் பொற்றாசியம் நைத்திரேற்றை எடுங்கோ. குளிரில் சுமார் 13 கிராம், 20 பாகையில் சுமார் 32 கிராம், கொதிநிலையில் 240 கிராமுக்கும் மேல்! ஒரே தண்ணி, ஒரே அடுப்பு. ஒரு உப்பு சூட்டைக் கண்டுகொள்ளவேயில்லை, மற்றது சூட்டோடு பதினெட்டு மடங்கு பெருக்கிறது.

நான் கலைப்பீடம். இந்த அட்டவணையை நான் பார்க்க வந்தது விஞ்ஞானத்தில் உள்ள ஆசையால் இல்லை. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பனி என்ன வாங்கி என்ன விற்றது எண்டு வாசித்துக்கொண்டு போனபோது, பருத்திக்கும் பட்டுக்கும் பக்கத்தில் திரும்பத் திரும்ப ஒரு பொருள் வந்தது. வெடியுப்பு. அதுதான் இந்தப் பொற்றாசியம் நைத்திரேற்று. துப்பாக்கி மருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுதான், மிச்சம் கரியும் கந்தகமும். சிங்களத்திலும் இதற்குப் பெயர் வெடிலுணு. இரண்டு மொழியும் இதை உப்பு எண்டுதான் கூப்பிடுகிறது, ஏனென்றால் இது உப்போடு உப்பாகத்தான் மண்ணிலிருந்து வரும். அதுதான் சிக்கலும். உப்புக் கலந்த வெடியுப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் பிடித்த மருந்து துப்பாக்கியில் புகையும், வெடிக்காது. அதனால் ஒரு அரசுக்குப் பீரங்கி இருந்தால் மட்டும் போதாது. இந்த இரண்டு உப்பையும் பிரிக்கத் தெரிந்த ஆட்களும் வேணும்.

பிரிக்கிற வழி மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. இரண்டும் கலந்த தண்ணியைக் கொதிக்க வைத்து வற்றவிடுங்கோ. தண்ணி குறையக் குறைய, முதலில் தாங்க ஏலாமல் அடியில் விழுவது சாப்பாட்டு உப்பு, ஏனென்றால் கொதிக்கும் தண்ணியிலும் அதற்கு இடம் குறைவு. அதை அகப்பையால் அள்ளி எடுத்துவிடலாம். வெடியுப்பு சூட்டுத் தண்ணியில் சுகமாகக் கரைந்தபடி இருக்கும். இனி அந்தத் தண்ணியை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஆறவிட்டால், இரவோடு இரவாக வெடியுப்பு ஊசி ஊசியாகப் பளிங்காகும். கொதிக்கும் 100 கிராம் தண்ணியில் 200 கிராம் வெடியுப்பு கரைந்திருந்தால், 20 பாகைக்கு ஆறும்போது 168 கிராம் அளவில் கீழே வந்துவிடும். மிச்சமிருந்த சாப்பாட்டு உப்பு ஆறினாலும் பெரும்பாலும் தண்ணியோடுதான் நிற்கும். சூட்டில் ஒன்றைப் பிடிப்பது, குளிரில் மற்றதைப் பிடிப்பது. அவ்வளவுதான் நுட்பம்.

இதை யார் முதலில் கண்டுபிடித்தார் எண்டு கேட்டால் ஒரு பெயர் சொல்ல ஏலாது. சீனாவில் 1044ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட ஒரு போர்க்கலை நூலிலேயே வெடிமருந்துக் கலவைகள் எழுதப்பட்டிருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹசன் அல்-ரம்மா, மரச்சாம்பல் சேர்த்து வெடியுப்பைச் சுத்தம் செய்து பளிங்காக்கும் முறையை விவரித்திருக்கிறார். சாம்பல் ஏன்? மண்ணில் இருப்பதில் பெரும்பகுதி கல்சியம் நைத்திரேற்று. சாம்பலில் உள்ள பொற்றாசியம் காபனேற்று அதோடு சேர்ந்தால் கல்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், வெடியுப்பு தண்ணியில் நிற்கும். காபனேற்று எண்ட சொல் பிறப்பதற்கு ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இது நடந்திருக்கிறது.

இந்த வேலையை மிகப் பெரிய அளவில் செய்த இடம் பீகார். அங்கே நூனியா எண்ட சாதியினர், உப்பு எண்ட சொல்லிலிருந்தே பெயர் பெற்றவர்கள். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும்போது, மாடு கட்டும் இடங்களிலும் பழைய மண்சுவர் ஓரங்களிலும் நிலம் வெள்ளையாகப் பூக்கும். மாட்டு மூத்திரமும் சாணமும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் நைத்திரேற்றாக மாறி, ஈரம் காயும்போது மேலே ஏறி வந்த பூ அது. நூனியாக்கள் அந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, வடிகட்டும் தொட்டியில் போட்டு, தண்ணி ஊற்றி, வடிந்ததைக் காய்ச்சி, ஆறவிட்டு வெடியுப்பு எடுத்தார்கள். மண்ணைப் பார்த்தே எது தேறும் எது தேறாது எண்டு சொல்லத் தெரிந்தவர்கள். கிராமத்தில் அவர்களுக்கு இருந்த இடம் என்னவோ கீழ்ப்படிதான்.

வெடியுப்பு ஏன் சூட்டுக்கு இப்படி மசிகிறது? அது கரையும்போது தண்ணியிடமிருந்து நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். வெப்பத்தை விழுங்கிக் கரையும் பொருளுக்கு வெப்பம் கொடுத்தால் இன்னும் கரையும். சாப்பாட்டு உப்பு கரையும்போது அப்படிப் பெரிதாக ஒன்றும் இழுப்பதில்லை, அதனால் சூடு கொடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். (சுண்ணாம்பு இதற்கு நேர் எதிர். கரையும்போது வெப்பத்தை வெளிவிடும், அதனால் சுடுதண்ணியில் குறைவாகவே கரையும்.) இந்த வெப்பம் இழுக்கும் குணத்தை அக்பரின் அரண்மனை குடிதண்ணி குளிராக்கப் பயன்படுத்தியது. அபுல் பஸல் எழுதிய ஐன்-இ-அக்பரியில் அந்த முறை இருக்கிறது: தண்ணி நிரப்பி வாய் அடைத்த உலோகக் கூசாவை, வெடியுப்புக் கரைத்த தண்ணிக்குள் வைத்துக் கால் மணித்தியாலம் சுற்றவேண்டும். வெடிமருந்தில் தீயாகும் அதே பொருள்தான் இங்கே தண்ணியைக் குளிராக்குகிறது எண்ட முரண் அபுல் பஸலின் கண்ணிலும் பட்டிருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பாட்னாவில் வெடியுப்பு வாங்கப் போட்டி போட்டார்கள். பாரமான பொருள், கப்பலின் அடியில் போட்டால் கப்பல் ஆடாமல் நிற்கும், ஐரோப்பாவில் இறக்கினால் காசு. ஐரோப்பாவிலும் வெடியுப்பு இல்லாமலில்லை. ஆனால் அங்கே அரசனின் ஆட்கள் வீடுகளுக்குள்ளும் தொழுவங்களுக்குள்ளும் புறாக்கூடுகளுக்குள்ளும் புகுந்து நிலத்தைத் தோண்டித்தான் எடுக்கவேணும். இங்கிலாந்தில் சனங்கள் இதை எவ்வளவு வெறுத்தார்கள் எண்டு சொல்லத் தேவையில்லை. பீகார் வெடியுப்பு வந்ததும் அந்தத் தொல்லை ஓய்ந்தது.

1757 பிளாசி. அடுத்த வருசமே, 1758இல், கம்பனி புது நவாப் மீர் ஜாபரிடமிருந்து பீகார் வெடியுப்பின் ஏகபோக உரிமையை எடுத்துக்கொண்டது. எங்கட பாடங்களில் பிளாசி எண்டால் வரிவசூல், துரோகம், கிளைவ். இந்த உரிமையைப் பற்றி ஒரு வரி வந்தால் பெரிய காரியம். ஆனால் அது நடந்தது ஏழாண்டுப் போரின் நடுவில். இனி ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் வெடியுப்பு வேண்டுமெண்டால் ஆங்கிலேயரிடம் கேட்கவேணும். பிரான்ஸ் அந்தப் போரில் வெடிமருந்துக்குத் திண்டாடியது. 1775இல் பாரிசில் வெடிமருந்துக்கென்று புதிய அரச நிர்வாகம் அமைத்து, அதில் ஒருவராக லவாய்சியரைப் போட்டார்கள். ஆம், ஒட்சிசனுக்குப் பெயர் வைத்த அதே லவாய்சியர்தான். அவருடைய புகழ்பெற்ற ஆய்வுகூடம் வெடிமருந்து நிர்வாகத்தின் கட்டடத்தில்தான் இருந்தது. வெடியுப்புச் சுத்திகரிப்பு அவருக்கு உத்தியோகம்.

புரட்சி வந்து, 1794 மே மாதம் லவாய்சியரின் தலை போனது. வெடியுப்புத் தேவை போகவில்லை. ஐரோப்பா முழுதும் பிரான்சுக்கு எதிராக நின்றபோது, குடிமக்கள் தங்கள் நிலவறை மண்ணைத் தாங்களே கழுவி வெடியுப்பு எடுக்கவேணும் எண்டு அரசு அழைத்தது. 1794 தொடக்கத்தில் நாடு முழுதிலுமிருந்து ஆட்களை வரவழைத்து, முன்னணி இரசாயனவியலாளர்கள் பாடம் நடத்தினார்கள். இழுத்தடிக்க நேரமில்லை, அதனால் சுத்திகரிப்பைக் கெதியாக்க ஒரு சுருக்குவழி பிடித்தார்கள்: கரடான வெடியுப்பைக் கொஞ்சக் குளிர்ந்த தண்ணியால் கழுவுவது. குளிரில் வெடியுப்பு அதிகம் கரையாது, கூட இருக்கும் சாப்பாட்டு உப்பு கரைந்து போய்விடும். அதே வேறுபாட்டைக் குளிர்ப்பக்கத்திலிருந்து பிடிப்பது. வேகத்துக்கு விலையும் இருந்தது. அந்த வருசம் ஓகஸ்டில் வெடியுப்புச் சாலையாக மாற்றப்பட்டிருந்த பாரிசின் சென் ஜெர்மன் மடம் தீப்பிடித்து, அதன் நூலகம் அழிந்தது. அதே மாதக் கடைசியில் கிரெனெல் வெடிமருந்து ஆலை வெடித்துப் பெருந்தொகை ஆட்கள் இறந்தார்கள்.

கரைதிறனை வெப்பநிலைக்கு எதிராக அளந்து கோடாக வரையும் வேலையைச் சீராகச் செய்தவர் கே-லூசக். வெளிவந்த ஆண்டு 1819. இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் பல கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும் அந்தப் படத்தின் தொடக்கம் அங்கேதான். சோடியம் சல்பேற்று 33 பாகை அளவு வரை ஏறி, பிறகு இறங்கும் வினோதத்தையும் அவர் காட்டினார். பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு விவரம்: அதற்கு முந்தின வருசம்தான் அவர் பிரான்சின் வெடிமருந்துக் குழுவில் உறுப்பினரானார்.

கே-லூசக் பாரிசில் வெப்பமானியோடு இருந்த அதே வருசங்களில், 1816 தொடக்கம் 1820 வரை, இலங்கையில் ஒரு இராணுவ வைத்தியர் இருந்தார். பெயர் ஜோன் டேவி, பிரபல இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி. அவரும் இரசாயனம் தெரிந்தவர். கண்டி இராச்சியம் 1815இல் விழுந்த கையோடு உள்நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1821இல் இலண்டனில் புத்தகம் வெளியிட்டார். அதில் மெமூரா எண்ட வெடியுப்புக் குகையை விவரிக்கிறார். அந்தப் பக்கங்களை நான் மூன்று நாலு தரம் வாசித்தேன்.

குகைப் பாறையின் மேற்பரப்பைச் சின்னக் கோடரிகளால் கொத்தி எடுக்கிறார்கள். கொத்தியதை இடித்துத் தூளாக்குகிறார்கள். அதே அளவு மரச்சாம்பல் கலந்து, பாயால் செய்த வடியில் போட்டு, பச்சைத்தண்ணியால் கழுவுகிறார்கள். வடிந்ததை மண்பானையில் காய்ச்சுகிறார்கள். எவ்வளவு நேரம்? ஒரு சொட்டை இலையில் விட்டுப் பார்க்கும்போது அது ஓடாமல் மெதுவான கட்டியாக நிற்கும் வரை. பிறகு இறக்கி ஆறவைத்து, பளிங்கானதைத் திரும்பப் பாயில் வடிக்கிறார்கள். கீழே வடியும் தண்ணியில் இன்னும் வெடியுப்பு இருக்கிறது எண்டு அவர்களுக்குத் தெரியும், அதனால் அதை வீசாமல் அடுத்த காய்ச்சலில் சேர்க்கிறார்கள். பளிங்குகளைப் பார்த்து, வேறு வடிவத்தில் இருப்பவற்றைப் பொறுக்கி நீக்குகிறார்கள். போதிய சுத்தம் இல்லையெண்டால் திரும்பக் கரைத்துத் திரும்பப் பளிங்காக்குகிறார்கள்.

அந்த இலையை யோசித்துப் பாருங்கோ. பாகு காய்ச்சுகிற எந்த அம்மாவுக்கும் அது தெரியும். தண்ணிக்குள் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பது. கொதிக்கும் பானையின் ஒரு துளியைத் திடீரெனக் குளிராக்கி, முழுப் பானையும் ஆறினால் என்ன ஆகும் எண்டு முன்கூட்டியே பார்ப்பது. கே-லூசக்கின் கோட்டில் ஒரு புள்ளி அது. அவரிடம் வெப்பமானி இருந்தது, இவர்களிடம் இலை இருந்தது. இரண்டையும் ஒன்று எண்டு நான் சொல்ல வரவில்லை. அவருடைய கோட்டை வைத்து, கண்ணால் காணாத உப்புக்கும் கணக்குச் சொல்லலாம், இலையை வைத்து அது ஏலாது. ஆனால் டேவி எழுதிய வரிசையில் தேவையில்லாத ஒரு படிகூட இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கோ. கழுவும்போது அவர்கள் சுடுதண்ணி பாவிக்கவில்லை. கெதியாகக் கரைய வேணுமெண்டால் சுடுதண்ணிதானே ஊற்றவேணும்? என்னுடைய ஊகம் இது: அவ்வளவு தண்ணியையும் முதலிலேயே சூடாக்க எத்தனை கட்டு விறகு வேணும்! வேகத்துக்கு அவர்கள் வேறு வழி எடுத்தார்கள், இடித்துத் தூளாக்கினார்கள். தண்ணி படும் மேற்பரப்புக் கூடினால் சூடில்லாமலே கரைதல் வேகமாகும். சூட்டை, சூடு இல்லாமல் நடக்கவே நடக்காத வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். கரையும் வேகத்துக்கு ஒரு சமன்பாடு வந்தது இன்னும் எண்பது வருசம் கழித்துத்தான். 1897இல் அமெரிக்காவில் நொயசும் விற்னியும், மேற்பரப்பு மாறாமல் இருக்கவேணும் எண்டு பென்சோயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைட்டையும் உருளைக் கோல்களாக வார்த்து, தண்ணியில் சுழற்றி அளந்தார்கள். இன்று நாங்கள் விழுங்கும் குளிசை வயிற்றில் எவ்வளவு நேரத்தில் கரையும் எண்டு பார்க்கிறவர்கள் அதன் வழியில்தான் வருகிறார்கள்.

கண்டி இராச்சியத்துக்கு இந்தக் குகைகள் சின்ன விசயமில்லை. 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுதும் ஒல்லாந்தர் கையில் போய், கண்டி கடலில்லாத நாடாகிவிட்டது. சாப்பாட்டு உப்புக்குக் கரையோரத்தை நம்பியிருக்க வேணும். உப்பைக் கரையிலேதான் எடுக்கலாம், அதுவும் வெயிலில் காயவைத்துத்தான். ஏன் வெயில்? அதே அட்டவணைதான் காரணம். உப்புத் தண்ணியை எவ்வளவு ஆறவைத்தாலும் உப்பு விழாது, தண்ணியைத்தான் விரட்டவேணும். ஆனையிறவிலும் அம்பாந்தோட்டையிலும் பாத்தி கட்டி வெயிலுக்குக் காத்திருப்பது அதற்காகத்தான். ஆக, கண்டியில் உப்பு இல்லை, வெடியுப்பு இருந்தது. கறிக்குப் போடும் உப்பில் கைவைத்து அந்த நாட்டை நெருக்கலாம், ஆனால் துப்பாக்கியை வாயடைக்கச் செய்ய ஏலாது. 1803இல் கண்டியைப் பிடிக்கப் போன பிரித்தானியப் படை அழிந்ததற்குக் காடும் காய்ச்சலும் பெரிய காரணங்கள் எண்டு எல்லாரும் எழுதுகிறார்கள். குகைகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் எண்டு எனக்குப் படுகிறது.

திரும்பப் பீகாருக்கு. வெடியுப்பு எடுக்கும்போது பானையின் அடியில் விழும் சாப்பாட்டு உப்பை நினைவில் வைத்திருக்கிறீர்கள்தானே? அது இயற்கையாக வரும் பக்க விளைவு, தடுக்க ஏலாது. ஆனால் பிரித்தானிய இந்தியாவில் உப்பு அரசாங்கத்தின் வரிப்பொருள். அதனால் வெடியுப்பு எடுக்கவே அனுமதிப்பத்திரம் வேணும், அடியில் விழுந்த உப்பை வரி கட்டாமல் வைத்திருந்தால் குற்றம். வெடியுப்பை வாங்க அரசு ஆவலாக நிற்கும், அதே பானையின் அடியைப் பார்க்க உப்பு இலாகா அதிகாரி வந்து நிற்பார். கரைதிறன் அட்டவணை இரண்டு கோடாகப் பிரிந்த இடத்தில், ஒரு பக்கம் கூலி, மறுபக்கம் தண்டம். ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை இவ்வளவு நேராகத் தொட்ட இரசாயனம் வேறு இருக்குமா எண்டு யோசிக்கிறேன்.

பிரித்தானியாவுக்கு இந்த வெடியுப்பு எவ்வளவு பெரிய பிடி எண்டு 1861இல் தெரிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. வடக்கு மாநிலங்களுக்காக டு பொன்ட் குடும்பத்தவர் ஒருவர் இலண்டனில் இந்திய வெடியுப்பைக் கிடைத்ததெல்லாம் வாங்கிக் கப்பலில் ஏற்றப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, வடக்குக் கடற்படை ஒரு பிரித்தானியக் கப்பலை மறித்துத் தெற்கின் தூதர்கள் இருவரைப் பிடித்துவிட்டது. பிரித்தானியா வெடியுப்பு ஏற்றுமதியை நிறுத்தியது. தூதர்கள் விடுவிக்கப்பட்ட பிறகுதான் சரக்கு நகர்ந்தது.

பீகாரின் பிடியைத் தளர்த்தியதும் இதே சூட்டுக் கணக்குத்தான். சிலியின் பாலைவனத்தில் சோடியம் நைத்திரேற்று மலைமலையாக இருந்தது, ஆனால் அது ஈரம் இழுக்கும், துப்பாக்கிக்குச் சரிவராது. ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் சுரங்கங்களில் பொற்றாசியம் குளோரைட்டு கிடைக்கத் தொடங்கியதும் இரண்டையும் சுடச்சுடத் தண்ணியில் கலந்தார்கள். சூட்டில் சாப்பாட்டு உப்பு அடியில் விழுந்தது, வடித்து ஆறவிட்டால் வெடியுப்பு. நூனியாவின் பானையைத் தொழிற்சாலை அளவுக்குப் பெருக்கியது போல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்துகளும் வந்து சேர, பழைய துப்பாக்கி மருந்தே போர்க்களத்தை விட்டுப் போகத் தொடங்கியது.

நூனியாக்களின் வேலை குறைந்தது, அறிவு உடனே போகவில்லை. 1930இல் காந்தி தண்டிக் கடற்கரையில் உப்பை அள்ளியபோது, பீகாரில் ஒரு நடைமுறைக் கேள்வி எழுந்தது. கடலே இல்லாத மாகாணத்தில் உப்புச் சட்டத்தை எப்படி மீறுவது? சம்பாரணிலும் சாரணிலும் பாட்னாவிலும் சத்தியாக்கிரகிகள் உவர்மண்ணைச் சுரண்டி, தண்ணியில் கரைத்து, வடித்து, வீதியோரத்தில் அடுப்பு மூட்டிக் காய்ச்சினார்கள். பொலிஸ் வந்து பானைகளை உடைத்தது. அன்று அந்தப் பானைகளில் தேடியது வெடியுப்பை இல்லை, அடியில் விழும் மற்றதை.